மாப்பிள்ளைகிட்ட சொல்லு

என் மாமியார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை எதுவும் கிடையாது. அவர் பிறந்து வளர்ந்த கும்பகோணத்து வீட்டில் மாமியார் மாப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான். கல்யாணமாகி கொல்கத்தாவுக்கு வந்தபோது பாத்திரம் பண்டங்களோடு அந்த வழக்கத்தையும் மூட்டை கட்டி எடுத்து வந்துவிட்டார். முதலில் லேக் மார்க்கெட் பக்கத்தில் வாடகை வீடு, பிறகு பெஹாலாவில் சொந்த ஃப்ளாட். வங்கி அதிகாரியாக இருந்த மாமனார் காலமான பிறகு, மாமியாரைத் தனியாக விட வேண்டாம் என்று நானும் மனைவியும் அந்த ஃப்ளாட்டுக்கே குடிபோனோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று திருநெல்வேலியிலிருந்து என் அண்ணன் இன்றுவரை கிண்டல் செய்கிறான்.

பேசத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். மாடியில் நின்றபடியே தெருவில் போகிற காய்கறிக்காரரை வங்காளத்தில் கூப்பிட்டு, அங்கிருந்தே பேரம் பேசி, புடலங்காய் முற்றல் என்று திருப்பி அனுப்புகிற குரல் அவருடையது. கீழ்வீட்டு பௌதியோடு படிக்கட்டில் நின்று மணிக்கணக்காகப் பேசுவார். பௌதி என்றால் இங்கே அண்ணி. அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். நான் படியேறி வந்தால் மட்டும் மாமியாரின் பேச்சு பட்டென்று நின்றுவிடும். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக ஒதுங்குவார். நான் என்ன புலியா என்று இருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் இந்த நாடகம் தினமும் நடக்கும். நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். மாமியார் சமையலறை வாசலில், கையெட்டும் தூரத்தில் நிற்பார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, ரசம் கொதிக்கக் கொதிக்க இருக்கு, மெதுவா சாப்பிடச் சொல்லு" என்பார் மகளிடம். அவள் என் பக்கம் திரும்பி, "ரசம் சூடா இருக்காம், அம்மா மெதுவா சாப்பிடச் சொல்றா" என்பாள். நானும், "சரின்னு சொல்லு" என்பேன். அவள் மறுபடி வாசல் பக்கம் திரும்பி, "சரியாம்" என்பாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்துகொண்டு அஞ்சல் துறை நடத்திக்கொண்டிருந்தோம்.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டிலேயே பெயர். "உங்க அம்மாவுக்கு நான் என்ன வேண்டாதவனா?" என்று மனைவியிடம் பல தடவை குதித்திருக்கிறேன். "இஷ், அது மரியாதைப்பா" என்று அவள் வங்காளமும் தமிழுமாகச் சமாதானம் சொல்வாள். எரிச்சலும் பழகி அடங்கிய பிறகு மிஞ்சியது ஓர் ஆசை. வெளியே சொல்ல வெட்கப்பட்ட ஆசை. ஒரே ஒரு தடவை அந்த அம்மாள் என்னைப் பார்த்து நேராக ஏதாவது சொல்ல வேண்டும். திட்டினாலும் சரி.

அப்போதுதான் அவருக்குக் குரல் கம்மியது. சளி என்று நினைத்தார். மிளகுப் பாலும் கஷாயமுமாகக் குடித்துப் பார்த்தார். குரல் தேய்ந்து, கரகரப்பாகி, கடைசியில் காற்றாக மட்டும் வந்தபோது பைபாஸ் சாலைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்து, அதன் வழியாகத்தான் மூச்சு. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று காய்கறிக்காரர் வழக்கம்போல் கீழே நின்று "மாஷிமா" என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டார். மாமியார் ஜன்னல் வரை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார். பிறகு திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தொண்டையில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி உண்டு. வாங்கிக் கொடுத்தோம். ஒரு தடவை வைத்துப் பார்த்தார். வண்டு ரீங்கரிப்பது போல் ஒரு சத்தம் வந்தது. அதை உறைக்குள் போட்டு அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். உதட்டை அசைத்துப் பேசுவார், பாதி புரியும், பாதி புரியாது. சரி, எழுதிக் காட்டட்டும் என்று ஒரு வெள்ளை ஸ்லேட்டும் அதில் எழுதி அழிக்கிற பேனாவும் வாங்கி வைத்தோம். அங்கேதான் நாங்கள் யாரும் யோசிக்காத ஒரு சிக்கல் இருந்தது. மாமியாருக்கு எழுதத் தெரிந்த ஒரே மொழி தமிழ். வங்காளம் பேசுவதோடு சரி. கொல்கத்தாவில் பிறந்து கொல்கத்தாவில் படித்த மகளோ தமிழில் பேசுவாள், சண்டை போடுவாள், எழுத்தைக் காட்டினால் திருதிருவென்று முழிப்பாள். பகலில் துணைக்கு வருகிற ஆயா வங்காளி. அந்த வீட்டில் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஆக, மாமியார் ஸ்லேட்டில் எழுதுவார், மகள் அதை என்னிடம் தூக்கிக்கொண்டு வருவாள், "இதுல என்ன எழுதியிருக்கா?" என்பாள். நான் படித்துச் சொல்வேன். இத்தனை காலம் என் பேச்சை அவள் கொண்டுபோனாள், இப்போது அவள் அம்மாவின் பேச்சை அவளுக்கு நான் கொண்டுபோனேன். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாமியாருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்கிற எத்தனையோ விஷயம் உண்டு, உடம்பு சமாசாரம் உண்டு. அதெல்லாம் மாப்பிள்ளை கண்ணில் படுவதா? ஒருநாள் அவர் ஸ்லேட்டைத் துடைத்து, துணியைச் சுற்றி, பீரோ மேல் வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அவருடைய இருமல் மட்டும்தான் கேட்டது.

அந்த அமைதி என்னைப் போட்டு வதைத்தது. சத்தம் என்றால் எரிந்து விழுகிறவன் நான். ஆனாலும் அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது ஒரு குரல் பட்டென்று நிற்பதைக் கேட்டுப் பழகிப்போயிருந்தது. நிற்பதற்கு இப்போது குரலே இல்லை.

நியூ டவுனில் என் வேலையைப் பற்றி வீட்டில் யாருக்கும் விளக்கமாகச் சொன்னதில்லை, சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் தாங்கள் செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை வரி வரியாகப் படித்து, கோளாறு இருந்தால் கூவுகிற புரோகிராம்களை எழுதுவதும் ஒட்டுப்போடுவதும்தான் பிழைப்பு. நாளெல்லாம் இயந்திரம் எழுதுவதைப் படிக்க வைக்கிறவனுக்கு, வீட்டில் ஒரு மனுஷி எழுதுவதைப் படிக்க வைக்க முடியாதா என்று ஒருநாள் மேம்பாலத்து நெரிசலில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பழைய லேப்டாப்பை எடுத்தேன். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டினேன். பெரிய எழுத்தில் ஒரு வெள்ளைத் திரை. மாமியார் அதில் தட்டுவது தானாகவே ஒரு ஃபைலில் சேரும். பின்னால் இருக்கிற என் புரோகிராம் அந்த ஃபைலைப் படித்து, தமிழ் பேசுகிற ஒரு குரலிடம் கொடுக்கும். நான் குறுக்கே வரவே வேண்டாம்.

முதல் நாள் மானம் போயிற்று. அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் ஃபைலை ஆரம்பத்திலிருந்து படிக்கும்படி எழுதிவிட்டேன். மாமியார் ஒற்றை விரலால் தேடித் தேடி, "ரசத்துல உப்பு கம்மி" என்று தட்டினார். குரல் சொல்லிற்று. மகள் கைதட்டினாள். அடுத்து, "சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கணும்" என்று தட்டினார். குரல், "ரசத்துல உப்பு கம்மி. சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கணும்" என்றது. மூன்றாவதாக என்ன தட்டினாலும் உப்பில்லாத ரசத்திலிருந்துதான் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் அந்த ரசத்தைக் கட்டிடம் முழுக்கக் கேட்டுவிட்டது. மாமியார் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு. அதைப் பார்த்து மகளும் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு ஒழுங்காக எழுதினேன். விட்ட இடத்தை நினைவில் வைத்து, புதிதாக வந்த வரியை மட்டும் படிக்க வேண்டும். ஃபைலின் கடைசியைத் தொட்டதும் கடையைக் கட்டிவிடாமல், அடுத்த வரி வருகிறதா என்று அங்கேயே காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வரி என்பது காகித ஓரத்தில் முடிகிற வரி அல்ல. என்டர் விசையைத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி விழும், அந்தக் குறி வரைக்கும் ஒரு வரி. குறி விழாதவரை அது வரியே இல்லை, என் புரோகிராம் அதைத் தொடாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். எழுதுகிறவர் அடிக்கலாம், அழிக்கலாம், மனம் மாறலாம். என்டர் தட்டினால்தான் அது பேச்சு. அதற்கு முன்னால் அது அவருடைய மனசு, அதில் மூக்கை நுழைக்க எனக்கென்ன உரிமை?

இதிலும் ஒரு குறை வந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மகள்தான் மேஜையைச் சுத்தம் செய்துவிட்டு லேப்டாப்பை மூடுவாள். படுக்கப் போகிற அசதியில் மாமியார் கடைசி வரிக்கு என்டர் தட்ட மறந்துவிடுவார். அந்த வரி படிக்கப்படாமலே போகும். "அம்மா ஏதோ தட்டினா, உன் மெஷின் முழுங்கிடுத்து" என்று மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். கடையை அடைக்கும்போது உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்ப்பதில்லையா, அது மாதிரி, புரோகிராமை மூடும்போது முடியாமல் மிச்சமிருக்கிற வரியையும் படித்துவிட்டு மூடு என்று சேர்த்தேன். அன்றிலிருந்து மகள் மூலையிலிருக்கிற பெருக்கல் குறியை அமுக்கினால், "சரி போய்ப் படு" என்றோ, "கேஸை மூடினியா" என்றோ குரல் ஒன்று சொல்லிவிட்டு அடங்கும். பழகிப்போய், அது கேட்காவிட்டால் எங்களுக்கு ராத்திரி முடியாது.

குரல் என்னவோ செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். "இவ யாரு, நம்மாத்துல வந்து இவ்வளவு அதிகாரம் பண்றா?" என்று மாமியாரே ஒருநாள் தட்டி, அந்தப் பெண்ணின் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தார். மறுபடி வீட்டில் பேச்சு வந்தது. வங்காளம் வேண்டும் என்றால் தமிழில் தட்டுவார், அந்தக் குரல் சொல்லும், மகள் ஆயாவுக்கு மொழிபெயர்ப்பாள். எல்லாம் நடந்தது. என் ஆசை மட்டும் நடக்கவில்லை. குரலை இழந்தவர் வழக்கத்தை இழக்கவில்லை. "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, லேக் மார்க்கெட் போனா காபிப்பொடி வாங்கிண்டு வரச் சொல்லு" என்று, நான் எழுதிய புரோகிராம், என் காதுக்கெதிரே, என் மனைவியிடம் சொல்லும். அவள் என்னிடம் சொல்வாள். நான், "சரின்னு சொல்லு" என்பேன்.

ஜாமாய் ஷஷ்டி வந்தது. வங்காளிகளுக்கு அன்று மாப்பிள்ளைத் திருநாள். மாமியார் மாப்பிள்ளையை உட்கார வைத்து, விசிறி, நெற்றியில் தயிர்ப்பொட்டு வைத்து, மாம்பழமும் இனிப்புமாகத் திணறத் திணற ஊட்டிவிடுவார்கள். கீழ்வீட்டு பௌதி தன் மாப்பிள்ளையைச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு, எங்களுக்கு ஒரு டப்பா சந்தேஷ் இனிப்போடு மேலே வந்தார். "மாஷிமா, இன்னிக்காவது மாப்பிள்ளையோட பேசணும், இல்லேன்னா ஷஷ்டி தேவி கோவிச்சுப்பா" என்று வங்காளத்தில் அதட்டினார். மாமியார் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அன்று எனக்குப் பாயசம் பண்ணியிருந்தார். நிற்கவே முடியாத உடம்போடு, ஆயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

சாப்பிடும்போது நான் மேஜையின் இந்தப் பக்கம், அவர் லேப்டாப்போடு அந்தப் பக்கம். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியில் திரை இடம் வலமாக மாறித் தெரிந்தது. பெரிய எழுத்து என்பதால் எனக்கு அது பிடிபட்டது. 'மாப்பிள்ளை' என்று தட்டினார். விரல் நின்றது. 'கிட்ட சொல்லு' வரவில்லை. அப்படியே இருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். "மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி விடு" என்று தட்டி, என்டரை அமுக்கினார். செய்தி வாசிக்கிற பெண் அதைச் சொன்னாள். மனைவி கரண்டியோடு வந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வரும்போல் இருந்தது.

மழைக்காலம் முற்றியபோது புற்று நெஞ்சுக்கு இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். மாமியார் கட்டிலிலிருந்து மேஜைக்கு வருவதே பெரும் பாடாயிற்று. ஆனாலும் காலையில் எப்படியாவது வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். தட்டுவது குறைந்துகொண்டே வந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம்.

அந்தக் காலை மனைவி விடிந்ததுமே கிளம்பிவிட்டாள். அவள் ஆசிரியை, காலை ஷிஃப்ட் பள்ளிக்கூடம். ஆயா வரும்வரை வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். இப்படி இருக்க நேர்ந்தால் அவர் அவர் அறையில், நான் என் அறையில் என்று கண்ணாமூச்சி ஆடுவோம். அன்று அவர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் குனிந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். டாக்ஸிக்காரர் கீழே நின்றுகொண்டு போன் மேல் போன் அடித்தார். டொக், டொக் என்று விசைச் சத்தம் கேட்டது. நிற்கும், பிறகு கேட்கும். நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்தபின் கேட்பதற்கு ஏதாவது தட்டி வைக்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றேன். குரல் வரவில்லை. ஆயா படியேறி வந்துவிட்டாள். போன் மறுபடி அடித்தது. "போயிட்டு வரேன்" என்று வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

நியூ டவுனில் டாக்ஸி நுழையும்போது வானம் கிழிந்துகொண்டது. வாசலில் இறங்கிக் கட்டிடத்துக்குள் ஓடுவதற்குள் தொப்பலாக நனைந்தேன். குடை வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. என்னையே திட்டிக்கொண்டு, ஈரச்சட்டையோடு ஏசியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஆயாவின் போன் வந்தது. "தாதா, மாஷிமா கேமோன் கோர்ச்சேன்" என்றாள். மாஷிமாவுக்கு என்னவோ ஆகிறது, உடனே வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். அவள் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார் என்றால் பார்த்தார், அவ்வளவுதான். உதட்டை மறைத்துக் குழாய். இரண்டு கையிலும் ஊசி. எதை வைத்துப் பேசுவார்? மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, என்னம்மா, சொல்லும்மா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அவர் எதுவும் சொல்லாமலே போய்விட்டார்.

காரியங்கள் நடந்தன. ஊரிலிருந்து வந்தவர்கள் கொல்கத்தாவின் புழுக்கத்தைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். கீழே தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி சமையல் செய்தாள், பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். நடுநடுவே கையில் இருப்பதை வைத்துவிட்டு, "கடைசியா ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே என்கிட்ட" என்பாள். எதையாவது சொல்லித் தேற்றப் பார்ப்பேன். எனக்குத் தேற்றத் தெரியாது. கோபப்படத்தான் தெரியும், கோபப்பட அங்கே யாரும் இல்லை.

லேப்டாப் சாப்பாட்டு அறை அலமாரியின் மேல் இருந்தது. அந்தக் காலைக் கலவரத்தில் ஆயா அதன் மூடியை மட்டும் சாத்தி, வயரோடு தூக்கி அங்கே வைத்துவிட்டிருந்தாள். அதைத் தொட எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. உள்ளே என் புரோகிராம் அடுத்த வரி வரும் என்று உட்கார்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்த புத்தி அது.

ஒரு சாயங்காலம் நான் லேக் மார்க்கெட் போய்க் காபிப்பொடியும் அப்பளமும் வாங்கி வரக் கிளம்பினேன். மனைவி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியோடு அலமாரிப் பக்கம் போனாள். தூசி தட்டினாள். "எத்தனை நாளைக்குத்தான் இப்படியே விடறது, ஆஃப் பண்ணிடறேன்" என்றாள். நான் கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரையில் ஏதோ எழுதியிருந்திருக்கும், அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. தினமும் ராத்திரி செய்வதுபோல் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினாள்.

"மாப்பிள்ளை, மழை வரும் போலிருக்கு. குடை எடுத்துண்டு போங்கோ."

செய்தி வாசிக்கிற அந்தப் பெண்ணின் குரல்தான். சொல்லிவிட்டு அடங்கிவிட்டது.

நான் செருப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றேன். வீட்டில் மகள் இல்லாத காலை. சொல்லியனுப்ப ஆளில்லை. அந்த ஒற்றை விரல் தேடித் தேடி அத்தனை எழுத்தையும் அடித்து முடித்திருக்கிறது. என்டர் மட்டும் தட்டவில்லை. பாயசத்தன்று வந்த அதே கூச்சமா, அதற்குள் மூச்சு முட்டிவிட்டதா, நான் கதவைச் சாத்திவிட்டதாலா, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நான் காத்திருந்த பேச்சு அது. வந்துவிட்டது. சந்தோஷம் என்று எதுவும் இல்லை.

மனைவி திரும்பவில்லை. கை இன்னும் மூடியின் மேலேயே இருந்தது. அவள் காத்திருந்த ஒரு வார்த்தையும் அதுதான், அவளுக்கு வரவேண்டியது எனக்கு வந்துவிட்டது. என்ன சொல்வாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகத்தைத் துணியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, எப்போதும் சொல்கிற அதே மாதிரி சொன்னாள்.

"மழை வருமாம். அம்மா உன்னைக் குடை எடுத்துண்டு போகச் சொல்றா."

கதவுக்குப் பின்னால் கையை விட்டுக் குடையை எடுத்தேன்.

"சரின்னு சொல்லு" என்றேன்.